முன் பிரேக் பிடித்தால் 'தூக்கிப் போட்டுரும்' என்பது உண்மையா? டூவீலரில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

பைக் ஓட்டப் பழகும் பலருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: "முன்னாடி பிரேக்கைத் தொடாத தம்பி, தூக்கிப் போட்டுரும். பின்னாடி பிரேக்கை மட்டும் பிடி." அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என யார் சொல்லிக் கொடுத்தாலும் இந்த வரி வந்துவிடும். இதனாலேயே பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர்கள்கூட வலது கை பிரேக்கை அவசரத்துக்குக்கூடத் தொடுவதில்லை.

ஆனால், டூவீலரை நிறுத்துவதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க இரண்டு மடங்குக்கும் அதிகமான தூரம் தேவைப்படும். அந்தக் கூடுதல் தூரத்தில் ஒரு லாரியோ, ரோட்டைக் கடக்கும் குழந்தையோ இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சுமார் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் சென்றவர்கள். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105 விபத்துகள். எல்லா விபத்துக்கும் பிரேக் காரணம் அல்ல. ஆனால் கடைசி நொடியில் ஓட்டுபவரின் கையில் இருப்பது பிரேக் மட்டும்தான்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியில் என்ன நடக்கிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடன் பிரேக் போட்டால் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம் அல்லவா? டூவீலரிலும் அதேதான் நடக்கிறது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன் சக்கரத்தை நோக்கிச் சாய்கின்றன. முன்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்குவது இதனால்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 1.3 மீட்டர். மொத்த எடையின் மையப்புள்ளி தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் 100 கிலோ.

காய்ந்த தார் ரோட்டில் டயர் தாங்கும் அளவுக்கு முழுமையாக பிரேக் பிடித்தால், முன் சக்கரத்தின் மீதான சுமை சுமார் 174 கிலோவாக ஏறும். பின் சக்கரத்தின் மீது மிஞ்சுவது சுமார் 26 கிலோ மட்டுமே.

டயரின் பிடிமானம், அதாவது 'கிரிப்', அதன் மீது எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. எடை ஏறினால் கிரிப் கூடும். எடை இறங்கினால் குறையும். அதனால் பின் பிரேக் எவ்வளவு புதியதாக இருந்தாலும், 26 கிலோ மட்டுமே அழுத்தும் சக்கரத்தால் வண்டியை நிறுத்திவிட முடியாது. இன்னும் அழுத்தினால் சக்கரம் சுற்றுவது நின்று, ரோட்டில் தேய்த்துக்கொண்டே போகும். அதைத்தான் 'ஸ்கிட்' என்கிறோம்.

எந்த பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

அதே வண்டி மணிக்கு 60 கி.மீ வேகத்தில் காய்ந்த ரோட்டில் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் விடை:

• பின் பிரேக் மட்டும்: சுமார் 48 மீட்டர்
• முன் பிரேக் மட்டும்: சுமார் 22 மீட்டர்
• இரண்டும் சேர்த்து: சுமார் 18 மீட்டர்

ஆபத்தைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அந்த ஒரு நொடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருக்கும். அதையும் இந்த மூன்றோடும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது காகிதக் கணக்கு. நிஜ ரோட்டில், சாதாரணமாக ஓட்டுபவர் கையில், மூன்று தூரங்களுமே கூடும். ஆனால் எது முதலில் நிற்கும், எது கடைசியில் நிற்கும் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் இருவர் பிரேக் பிடிக்கிறார்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தவர் 18 மீட்டரில் நின்றுவிட்டார். பின் பிரேக்கை மட்டும் பிடித்தவர் அதே 18-வது மீட்டரைக் கடக்கும்போது அவரது வேகம் இன்னும் மணிக்கு சுமார் 48 கி.மீ இருக்கும். ஒருவர் இடிக்காமல் தப்பிக்கும் இடத்தில் இன்னொருவர் 48 கி.மீ வேகத்தில் மோதுகிறார். வண்டி ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான். பிரேக் பிடித்த விதம் மட்டுமே வேறு.

அப்படியென்றால் 'தூக்கிப் போட்டுரும்' என்பது கட்டுக்கதையா?

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. முன் சக்கரம்தான் வண்டியைத் திருப்புகிறது, சமநிலையையும் காக்கிறது. பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி பின்பக்கம் ஆடும், பலராலும் சமாளித்துவிட முடியும். முன் சக்கரம் லாக் ஆனால் ஹேண்டில் பாருக்கு வேலையே இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் வண்டி கீழே கிடக்கும். இந்த அனுபவத்திலிருந்து வந்த பயம்தான் அந்த அறிவுரை.

ஆனால் முன் சக்கரம் லாக் ஆவது பெரும்பாலும் பிரேக்கை 'டக்'கென்று பிடிக்கும்போதுதான். அதற்கும் மேலே சொன்ன கணக்கே காரணம். பிரேக்கைத் தொடும் அந்த முதல் கணத்தில் முன் சக்கரத்தின் மீது இருப்பது 100 கிலோ மட்டும். எடை முன்னால் வந்து சேர ஒரு சிறு அவகாசம் வேண்டும். அதற்குள் முழு பலத்தையும் கொடுத்தால் டயர் தாங்காது. அதே பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால், எடை 174 கிலோவை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். டயரும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்.

எனவே முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோலப் பிழிய வேண்டும். முதலில் லேசாக, உடனே அழுத்தமாக. இது முழுவதும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும்.

பின் பிரேக்கில் நடப்பது இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் 100 கிலோ இருந்த பின் சக்கரத்தில் எடை குறைந்துகொண்டே போகிறது. முதலில் சரியாக இருந்த அதே கால் அழுத்தம், அரை நொடி கழித்து சக்கரத்தை லாக் செய்துவிடும். ஆகவே முன் பிரேக்கில் அழுத்தம் ஏற ஏற, பின் பிரேக்கில் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது என்றால் இரண்டையும் ஒரே அளவு அழுத்துவது என்று அர்த்தம் இல்லை.

சிபிஎஸ் என்ன செய்கிறது?

இந்தக் கணக்கையெல்லாம் ஆபத்து நேரத்தில் யார் யோசிப்பார்கள்? அதற்காக வந்ததுதான் சிபிஎஸ் எனப்படும் கூட்டு பிரேக்கிங் முறை. ஸ்கூட்டரில் இடது கை லீவரைப் பிடித்தால், அல்லது பைக்கில் கால் பிரேக்கை மிதித்தால், பின் பிரேக்கோடு சேர்ந்து முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். டிரம் பிரேக் ஸ்கூட்டர்களில் லீவரிலிருந்து வரும் விசையை ஒரு சிறு இணைப்புக் கருவி பிரித்து, முன்னும் பின்னும் போகும் கேபிள்களுக்குக் கொடுக்கிறது.

மத்திய அரசின் விதிப்படி 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக அறிமுகமான மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் இது கட்டாயம் ஆனது. 125 சிசி வரை உள்ள வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ், இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ் கட்டாயம்.

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ஹோண்டா சிபிஎஸ் என்கிறது, ஹீரோ ஐபிஎஸ் என்கிறது, டிவிஎஸ் எஸ்பிடி என்கிறது, யமஹா யுபிஎஸ் என்கிறது. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

இங்கேதான் பலர் ஒரு தப்புக்கணக்கு போடுகிறார்கள். "அதான் சிபிஎஸ் இருக்கே, இடது கை மட்டும் போதும்" என்ற நினைப்பு. சிபிஎஸ் முன் பிரேக்கின் முழு பலத்தையும் பயன்படுத்துவதில்லை. ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பின் பிரேக்கை மட்டும் பிடித்துப் பழகியவரை ஓரளவு காப்பாற்றுவதுதான் அதன் வேலை. மிகக் குறைந்த தூரத்தில் நிற்க வேண்டுமானால் வலது கை லீவரையும் பிடித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, சிபிஎஸ் சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. ஈரத்திலோ மணலிலோ இழுத்துப் பிடித்தால் சிபிஎஸ் வண்டியும் சறுக்கும்.

ஏபிஎஸ் எப்படி வேலை செய்கிறது?

சக்கரம் லாக் ஆவதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். சக்கரத்தின் நடுவில், டிஸ்க் அருகே துளைகளோ பற்களோ கொண்ட ஒரு வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சென்சார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அது நொடிக்கு நொடி கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீரென்று நிற்கப் போகிறது என்று தெரிந்தால், கணினி அந்த பிரேக்கின் ஆயில் அழுத்தத்தை ஒரு கணம் குறைத்து மறுபடி கூட்டும். இது ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கும். அப்போது லீவரில் 'டக டக' என்று அதிர்வு தெரியும். பயந்து லீவரை விட்டுவிடக் கூடாது. ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது.

மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ்-ஐ முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது பிஎம்டபிள்யூ. 1988-ல் கே100 மாடலில். இந்தியாவில் 2011-ல் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல் ஏபிஎஸ் வந்தது.

பைக் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அது சிங்கிள் சேனலா டூயல் சேனலா என்பது. சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ். பின் சக்கரம் லாக் ஆகலாம். டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும் உண்டு.

சாவியைப் போட்டவுடன் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிவது இயல்பு. வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்ததும் அணைந்துவிடும். ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சாதாரண பிரேக் இருக்கும், ஆனால் சக்கரம் லாக் ஆனால் காப்பாற்ற யாரும் இல்லை. உடனே சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டும்.

50 சிசிக்கு மேற்பட்ட, அல்லது மணிக்கு 50 கி.மீக்கு மேல் வேகம் போகும் எல்லா டூவீலர்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்க முன்மொழிந்து 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. சிறிய வண்டிகளின் விலை கூடும் என்ற விவாதமும் அதோடு சேர்ந்தே எழுந்தது.

ஏபிஎஸ்-க்கும் எல்லை உண்டு. ஜல்லி, மணல் போன்ற தளர்வான தரையில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பலமாக பிரேக் பிடித்தால் சாதாரண ஏபிஎஸ் முழுமையாகக் காப்பாற்றாது. வளைவையும் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ் விலை உயர்ந்த பைக்குகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

எந்த இடத்தில் எந்த பிரேக்?

காய்ந்த நேரான ரோடு: இரண்டும் சேர்த்து, முன் பிரேக்குக்கு அதிக அழுத்தம்.

மழை: ஈர ரோட்டில் கிரிப் குறைவதால் பலமாக பிரேக் பிடிக்க முடியாது, எடையும் அவ்வளவாக முன்னால் சாயாது. அதனால் பின் பிரேக்கின் பங்கு கொஞ்சம் கூடும். இரண்டையும் மென்மையாக, முன்கூட்டியே பிடிக்க வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, பாதாள சாக்கடை மூடி, பாலத்தின் இரும்புப் பட்டை ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல் கடப்பது நல்லது.

மணல், சேறு: முன் பிரேக்கை மிக லேசாக மட்டும். வேகத்தைப் பின் பிரேக்கால் கட்டுப்படுத்தலாம். சென்டர் மீடியன் ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும் ரோடுகளில் இது முக்கியம்.

யூ-டர்ன், நெரிசல்: மெதுவாகப் போகும்போது, ஹேண்டில் பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். 'தூக்கிப் போட்டுருச்சு' கதைகளில் பல இங்கே தொடங்குபவைதான். இந்த இடத்தில் பின் பிரேக்தான் சரி.

வளைவு: வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக் தேடக் கூடாது.

பின்னால் ஆள் இருந்தால்: பின் சக்கரத்தில் எடை கூடுவதால் பின் பிரேக் கொஞ்சம் கூடுதலாகவே உதவும். ஆனால் மொத்த எடையும் கூடியிருப்பதால் லீவரில் அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும். இடைவெளியைக் கூட்டுவதே பாதுகாப்பு.

மலைப்பாதை: 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை போன்ற பாதைகளில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடாகி பிடிக்கும் திறன் குறைந்துவிடும். குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். எந்தக் காரணத்துக்காகவும் இன்ஜினை அணைத்துவிட்டோ நியூட்ரலிலோ இறங்கக் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருபவர்கள் இடையிடையே நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவது நல்லது.

மின்சார ஸ்கூட்டர்: ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வேகம் குறைந்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும் வசதி பலவற்றில் உண்டு. வண்டியை ஓட்டும் மோட்டார் பின் சக்கரத்தோடு இணைந்திருப்பதால் இந்த இழுவையும் பின் சக்கரத்தில்தான் விழும். அதை அவசர பிரேக்காக நம்பக் கூடாது.

சக்கரம் லாக் ஆகிவிட்டால்?

முன் சக்கரம் லாக் ஆனால் லீவரை உடனே விட்டு, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் லாக் ஆனால், வண்டி நேராக இருக்கும்போதே அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். பின்பக்கம் நன்றாகப் பக்கவாட்டில் திரும்பிய பிறகு பிரேக்கைச் சட்டென்று விடுவது ஆபத்து. டயர் திடீரென்று கிரிப்பைப் பிடித்து, ஓட்டுபவரை எதிர்ப்பக்கம் தூக்கி எறியலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

சிபிஎஸ் ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இடது லீவரை மட்டும் பிடித்தால் சக்கரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். 'இழுக்குது' என்பதற்காக அந்த இணைப்பையே கழற்றிவிடச் சொல்வது விபரீதம்.

டிரம் பிரேக்கில் பிரேக் ஷூ, டிஸ்க் பிரேக்கில் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். டிஸ்க் பிரேக் ஆயில் நாளாக நாளாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவு குறையாவிட்டாலும் கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றுவது அவசியம். செயினுக்கு ஆயில் அடிக்கும்போது டிஸ்க் மேலோ டயர் மேலோ படக் கூடாது. டயர் வழவழப்பாகிவிட்டால் எந்த பிரேக்கும் பயன் தராது.

பழகுவது எப்படி?

முன் பிரேக்கைத் தொட்டே பழகாதவர் முதன்முறையாக ஆபத்து நேரத்தில் அதைப் பிடித்தால் பயத்தில் இழுத்துத்தான் பிடிப்பார். அதனால் முன்கூட்டியே பழகிக்கொள்வதுதான் வழி. வண்டி வராத, மணல் இல்லாத தார் அல்லது சிமெண்ட் தரை வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். மணிக்கு 20 கி.மீ வேகத்தில் நேராகப் போய், இரண்டு பிரேக்கையும் ஒன்றாகத் தொட்டு, முன் லீவரைப் படிப்படியாகப் பிழிந்து நிறுத்திப் பார்க்கலாம். ஷாக் அப்சார்பர் அமுங்குவது கையில் தெரியும். அது பழகிய பிறகு 30, 40 எனக் கூட்டலாம். பார்வை முன் டயரில் இல்லாமல் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிறகு தினசரி ஓட்டத்திலும், சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடித்தால் கை தானாகப் பழகிவிடும். ஆபத்து வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. பழகிய கை செய்வதுதான் நடக்கும்.

வீட்டில் யாராவது புதிதாக வண்டி பழகுகிறார்களா? "முன் பிரேக்கைத் தொடாதே" என்று சொல்வதற்குப் பதிலாக, "ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, முன்னாடி பிரேக்கை மெதுவா ஆரம்பிச்சு அழுத்து, திரும்பும்போது மட்டும் முன்னாடி பிடிக்காத" என்று சொல்லிக் கொடுங்கள்.